மூன்றாவது நாற்காலி

நாற்பது குரோனா.
எஸ்கில்ஸ்டூனாவில், ஆற்றங்கரைப் பழையசாமான் சந்தையில்
ஒற்றைச் சறுக்குக் காலணிக்கும் ஓடாத கடிகாரத்துக்கும் நடுவே
கிடந்தது. விற்றவள் அதை மீன் சுத்தம் செய்யும் கத்தி என்றாள்.
நான் திருத்தவில்லை.
திருத்தியிருந்தால் நானூறு.

வீட்டில் வந்து விரித்தால் கற்பூர வாடை.
ஆமை ஓடு போல் வேஷம் போட்ட செல்லுலாய்டு
தொண்ணூறு வருஷம் உள்ளுக்குள்ளேயே புளித்திருக்கிறது.
பிடிக்குள் மடங்கிக் கிடந்த இடம் மட்டும்
அளந்து வைத்தாற்போல் அரித்துப்போய்,
வெளியே நீட்டிக்கொண்டிருந்த வால் மட்டும் பளபளவென்று.
காக்கத் தந்த உறைதான் தின்றிருக்கிறது.
இதை யாருக்கும் உவமையாகச் சொல்லப்போவதில்லை நான்.

நிலவறையில், கம்பிவலை அடித்த என் பங்குச் சிற்றறையில்,
பழைய ஆணியைத் துளைத்து எடுத்தேன்.
உப்புத்தாள் இருநூற்றிருபது. நானூறு. எண்ணூறு.
பேருந்தில் ஸ்டியரிங் பிடிக்கும்போதும்
விரல் நுனியில் துருவின் செம்மண் நிறம்.

பிடிக்கு மரம் வேண்டும்.
விவாகரத்தில் நாற்காலிகள் ஆறு; ஆளுக்கு மூன்று.
மூன்று நாற்காலியை வைத்துக்கொண்டு
ஒருத்தி என்ன செய்வாள்?
ஒன்றில் உட்காருவேன். ஒன்றில் கோட்டு.
மூன்றாவதின் முதுகுப்பலகையை
ஞாயிறு காலை அறுத்தேன். பிர்ச் மரம்.
டிசம்பர் மெழுகுவர்த்தி ஒன்று சாய்ந்து சுட்ட
கருகல் வடு நடுவில் விழும்படி.

இரண்டு பலகை, இடையே வாலில் ஓர் ஆப்பு.
ஆப்பு சரியில்லையென்றால்
மூடும்போது அலகு ஏதாவதொரு பக்கம் உரசும்.
காகிதத்தின் கனம்தான் பிசகு,
ஆனால் கூர் போய்விடும்.
நான்கு ஆப்பு செதுக்கினேன். ஐந்தாவது நின்றது.
பித்தளை ஆணியைத் தட்டத் தட்ட,
ஒன்பது மணிக்கு மேல் சுத்தியல் கூடாதென்று
சலவை அறைக் கதவில் யாரோ சீட்டு ஒட்டினார்கள்.
கையெழுத்து எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

பிறகு கல். ஆயிரம், மூவாயிரம், எட்டாயிரம்.
பிறகு தோல்வார்.
கூர் வந்ததா என்று முன்கை மயிரில் பார்க்க வேண்டும்.
இந்தக் குளிர்காலம் பதினோரு கத்தி:
என் இடது கை மழித்த கோழி,
வலது கை என் அப்பாவுடையது.
டிப்போவில் சட்டைக்கையை மடித்தால்
யாஸ்மினா மட்டும் காரணம் கேட்பாள்,
மற்றவர்கள் எதிர்ப்பக்கம் பார்ப்பார்கள்.

டோர்கெல் வந்தது துளைக்கருவி கேட்டு.
மேஜையில் கத்தியைப் பார்த்தான்.
கையில் எதற்கு, முகம் இருக்கிறதே என்று
கோட்டை எடுத்துவிட்டு இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தான்.

பதினேழு வருஷத்தில்
அவன் கழுத்தை இப்படி அண்ணாந்து நான் பார்த்ததில்லை.
வெந்நீர், நுரை. தோலை இழுத்துப் பிடித்து
இடது கன்னத்தில் காதிலிருந்து கீழே.
சத்தம் கேட்டது,
பழுத்த இலை மேல் எறும்பு நடப்பது மாதிரி.
பேசாதே என்றேன்.
பேசினான்.

தாடையோரம் ஒரு சொட்டு. படிகாரம் ஒத்தினேன்.
தப்பு கத்தியுடையதல்ல என்றேன்.
இல்லைதான் என்றான்.
மூடி அவன் கையில் கொடுத்தேன்.
எந்தப் பக்கமும் உரசாமல் அலகு உள்ளே போனதை
திரும்பத் திரும்பத் திறந்து மூடிப் பார்த்தான்.
கட்டைவிரல் கருகல் வடுவில் போய் நின்றது.

நெடுநேரம் கழித்து,
என்னிடம் இருக்கும் மூன்றில் ஒன்று ஆடுகிறது என்றான்.
ஒரு நாற்காலியில் எத்தனை பிடி வரும்?

கால்களையும் சேர்த்தால் பதினான்கு.
முதுகு மட்டும் என்றால் ஆறு.

அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.
வலது கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.